பல் பதிந்த குழாய்

"திருடன் யாருன்னு நீங்க கண்டுபுடிக்க வேணாம், மேடம். அது எனக்கே தெரியும். மருந்தை எங்க ஒளிச்சு வெச்சிருக்கான்னு மட்டும் சொல்லுங்க, போதும்."

இப்படிச் சொன்ன முனிரத்தினத்தை ஜோயல் பாசத்தோடு பார்த்தான். ஆறு வருடத் துப்பறியும் வாழ்க்கையில், பாதி வேலையைத் தானே முடித்துவிட்டு மீதிக்கு மட்டும் ஆள் கூப்பிட்ட முதல் வாடிக்கையாளர் இவர்தான்.

"கூலியும் பாதிதான் தருவாரோ?" என்று காந்திமதியின் காதில் கிசுகிசுத்தான்.

காந்திமதி திரும்பிப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டான். அந்தப் பார்வைக்கு ஒரு சரித்திரம் உண்டு. இருங்காட்டுக்கோட்டையில் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் பதினோரு வருடம் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தவர் அவர். ஹெல்மெட் போடாதவன் எந்த மூலையில் நின்றாலும் அந்தக் கண்ணுக்குத் தப்ப மாட்டான். இப்போது குன்றத்தூரில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே துப்பறியும் நிலையம் வைத்திருக்கிறார். ஜோயல் அவருடைய ஒரே உதவியாளன். முப்பத்தெட்டு வயது. இங்கே சேருவதற்கு முன் சுங்குவார்சத்திரத்துப் பக்கம் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் இரண்டு வருடம் லைனில் நின்றவன். இவன் அடித்த ஜோக்குகளால் டார்கெட் குறைகிறது என்று சூப்பர்வைசர் எழுதிக் கொடுத்து வெளியே அனுப்பினார். அந்தக் கடிதத்தை ஜோயல் பிரேம் போட்டு வைத்திருக்கிறான்.

முனிரத்தினத்துக்கும் பிரேம் போட்ட காகிதம் ஒன்று உண்டு. அது லைசென்ஸ். ஒரகடத்தைச் சுற்றிப் பன்னிரண்டு ஊர்த் திருவிழாவுக்கும் அவர்தான் அதிர்வேட்டு. இரும்புக் குழாய்களில் கருமருந்தைக் கெட்டித்து, சாமி புறப்படும்போது திரி வைப்பார். வெடித்து முடிந்ததும் குழாய்களைக் கழுவிக் காயவைத்து, அடுத்த ஊருக்கு மறுபடியும் மருந்து போடுவார். எல்லாம் கீழ்ப்பாடியில் அவர் வீட்டுக் கொல்லையிலுள்ள ஒரு சின்ன அறையில்தான் நடக்கும்.

"ஞாயித்துக்கிழம மூணு கிலோ இருந்திச்சு. நேத்து சாயங்காலம் பாத்தா ரெண்டரைதான் கீது" என்றார் முனிரத்தினம். "இன்னிக்கு நாலு மணிக்கு இன்ஸ்பெக்ஷன். அரைக் கிலோ மருந்து எங்கன்னு கேட்டா நான் இன்னா சொல்லுவேன்? லைசென்ஸ் பூடும். நாலு நாள்ல எங்கூர்த் திருவிழா வேற."

"திருடன்னு யாரைச் சொல்றீங்க?"

"மாடி ரூம்ல வாடகைக்குக் கீறான், பேச்சிராஜ். தெக்கத்திப் பையன். காலைல நைட் ஷிப்ட் முடிச்சு வந்தான். பத்து விரலும் கரி. அங்கியே தெருவுல நிக்க வெச்சுக் கேட்டுட்டேன். ஜெனரல் ஷிப்ட் பஸ்ஸுல ஏறின சனமெல்லாம் பாத்துச்சு. ஆபீசர் வந்ததும் அவன் பேரைக் குடுத்துடுவேன்."

மணி பதினொன்று. ஐந்து மணி நேரம் இருந்தது.

மருந்து அறை வாசலில் காந்திமதி செல்போனைத் திண்டின் மேல் வைத்தார். பிறகு ஜோயலின் பளபளக்கும் சட்டையைப் பார்த்தார்.

"கழட்டு."

"மேடம், இது புதுசு."

"பாலியெஸ்டர். உரசினா உடம்புல கரண்ட் சேரும். உள்ள இருக்கறது கருமருந்து. ஒரு சின்னப் பொறி போதும், நாம ரெண்டு பேரும் சாமிக்கு முன்னாடியே ஊர்வலம் போயிடுவோம்."

ஜோயல் இரண்டாவது முறை சொல்ல வைக்கவில்லை. முனிரத்தினத்தின் பருத்திச் சட்டை ஒன்று அவனுக்குக் கிடைத்தது. அதற்குள் இன்னொரு ஜோயல் தாராளமாக நுழையலாம்.

அறைக்குள் மின்சாரம் கிடையாது. மர அலமாரி, மரச் சுத்தி, மருந்து கெட்டிக்கும் மூங்கில் தடி, வரிசையாக இரும்புக் குழாய்கள், மருந்து டப்பா. காந்திமதி எதையும் தொடவில்லை. தரையை மட்டும் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

"ஜோயல், இன்னா தெரியுது?"

"தரை தெரியுது மேடம்."

"எல்லா இடத்துலயும் தெரியுதா?"

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அறை முழுக்க மெல்லிய தூசி. அலமாரியின் கீழே மட்டும் ஒரு பாய் அகலத்துக்குத் தரை பளிச்சென்று இருந்தது. சுவரும் தரையும் சேருகிற இடுக்கில்கூட ஒரு பொட்டு அழுக்கு இல்லை.

"இன்னா திருடன் மேடம் இவன்! அரைக் கிலோ எடுத்துக்கினு, அதுக்குப் பதிலா தரையைத் துடைச்சுக் குடுத்துட்டுப் போயிருக்கான். இவனைப் புடிச்சா நம்ம ஆபீசுக்கு அனுப்புங்க."

"வாசல்ல ரெண்டு துடைப்பம் இருக்கு பாரு. பிளாஸ்டிக் துடைப்பத்தை யாரும் தொடல. பூந்துடைப்பம் மட்டும் நனைஞ்சு காஞ்சு அடியில ஒட்டிக் கிடக்கு." காந்திமதி முனிரத்தினத்தின் பக்கம் திரும்பினார். "மருந்து கீழ சிந்தினா நீங்க இன்னா பண்ணுவீங்க?"

"இன்னா பண்ணுவேன்? கூட்டி அள்ளித் திரும்ப டப்பாவுலயே கொட்டிடுவேன். சாமி காரியத்துக்கு வாங்கினது, வேஸ்ட் பண்ணலாமா?"

காந்திமதியின் முகம் எலுமிச்சம்பழத்தைக் கடித்தது போல ஆனது. "மண்ணோட சேத்தா?"

"கொஞ்சம் மண்ணு இருந்தா இன்னா இப்போ?"

"கெட்டிக்கும்போது கல்லும் இரும்பும் உரசினா இன்னான்னு அப்புறம் சொல்றேன். பூட்டுச் சாவி?"

"சாமி படத்துக்குப் பின்னாடி. வூட்டுல எல்லாருக்கும் தெரியும். ஆனா இந்த ரூமுக்குள்ள என்னைத் தவிர யாரும் வரக் கூடாது. பொம்பளைங்க வாசப்படியே தாண்ட மாட்டாங்க. எங்க வழக்கம் அது."

பேச்சிராஜ் மாடி அறையில் பையைக் கட்டி வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். இருபத்தேழு வயதுக்காரன். இரவெல்லாம் வேலை பார்த்துவிட்டு வந்து ஒரு பொட்டுத் தூங்கியிருக்கவில்லை.

"நான் களவாங்கல அக்கா" என்றான். "டயர் கம்பெனில ரப்பர் கலக்குற இடத்துல நிக்கேன். தெனமும் கை இப்படித்தான் இருக்கும். போலீஸுல எம்பேரை எழுதிட்டாவன்னா காண்ட்ராக்டர் என்னைக் கம்பெனி கேட்டுக்குள்ளயே விட மாட்டாரு. ஊருல போயி என்னன்னு சொல்லுவேன்?"

ஜோயலுக்குச் சட்டென்று ஜோக் எதுவும் வரவில்லை. வெளியே அனுப்பப்படுவது என்னவென்று அவனுக்குத் தெரியும்.

காந்திமதி ஒரு டம்ளர் தண்ணீரும் சோப்பும் கேட்டார். "இந்தக் கையைக் கழுவு தம்பி."

பேச்சிராஜ் தேய்த்தான். நுரை வந்தது, கருப்பு அப்படியே இருந்தது. பிறகு தேங்காய் எண்ணெய் நாலு சொட்டு விட்டுத் தேய்க்கச் சொன்னார். கருப்பு வழுக்கிக்கொண்டு வந்தது.

"வேட்டு மருந்துன்னா தண்ணியிலயே கரைஞ்சு ஓடியிருக்கும். இது எண்ணெய்க்குத்தான் மசியுது. டயர் கரிதான்" என்றார் காந்திமதி. "நாலு மணி வரைக்கும் எங்கயும் போகாத. பையைப் பிரிக்கவும் வேணாம், தூக்கவும் வேணாம்."

கீழே இறங்கியதும் முனிரத்தினத்தின் மனைவி சரோஜா காபியோடு நின்றார்.

"குடிங்கமா. இன்னிக்காவது காபி போட வுட்டாங்களே. ஞாயித்துக்கிழம சாயங்காலம் அடுப்புல பால் வெச்சா, மருமக ஓடியாந்து அணைச்சிட்டா. சிலிண்டரையும் மூடிட்டு, 'அத்த, கோயிலுக்குப் போய்ட்டு வாங்க'ன்னு தொரத்தாத கொறையா அனுப்பிட்டா. கேஸ் லீக்கா இருக்கும்னு நானும் போய்ட்டேன்."

காந்திமதி காபியைக் கையில் வாங்கினார், குடிக்கவில்லை. ஜோயல் இரண்டு வாய் உறிஞ்சிக்கொண்டே கொல்லைப்புறம் நடந்தான். மருந்து அறை வாசலை ஒட்டிப் போர்வெல் குழாய் ஒன்று தரையிலிருந்து மேலே ஏறியது. பச்சைப் பெயிண்ட் அடித்த இரும்புக் குழாய். அதன் மேல் சாய்ந்தவன் எதையோ பார்த்து நின்றுவிட்டான்.

"மேடம், இங்க வாங்க. எலி ஒண்ணு இரும்புக் குழாயைக் கடிச்சிருக்கு."

இடுப்பு உயரத்தில், குழாயை இணைக்கும் பட்டையின் விளிம்பில் ஒரு விரல் அகலத்துக்குப் பெயிண்ட் சுரண்டப்பட்டு இரும்பு மின்னியது. அதன் இரு பக்கமும் பொடிப்பொடியாகப் பல் தடங்கள். மேலே ஒரு வரிசை, கீழே ஒரு வரிசை.

"இந்த எலிக்குப் பல்லு அளவெடுத்து வெச்ச மாதிரி கீது..." என்று ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்தினான். இதே தடங்களை அவன் இரண்டு வருடம் தினமும் பார்த்திருக்கிறான். லைனில் அவனுடைய மேசை ஓரம் முழுக்க இவைதான்.

"மேடம்! இது எலி இல்ல, கிளிப்பு! எங்க லைன்ல மணிக்கட்டுல ஒரு பட்டை கட்டணும். அதுலேர்ந்து சுருள் ஒயர் ஒண்ணு வரும். ஒயர் முனையில முதலை வாய் மாதிரி கிளிப்பு. அதை எர்த் கம்பியில மாட்டினாத்தான் போர்டைத் தொட வுடுவாங்க. உடம்புல இருக்கற கரண்ட் எல்லாம் அது வழியா எறங்கிடும். பெயிண்ட் மேல மாட்டினா வேலை செய்யாது, சுரண்டிட்டு மாட்டணும். சூப்பர்வைசர் என்னை இதுக்கு எத்தினி தடவ திட்டியிருக்கான்!"

"இந்தக் குழாய்?"

"நேரா பூமிக்குள்ள போவுது! இதை விட நல்ல எர்த்து எங்க கிடைக்கும்?"

சொல்லி முடித்தபோது ஜோயலுக்கு மார்பு விரிந்தது. முனிரத்தினத்தின் சட்டை அவனுக்கு ஏறக்குறைய அளவாகவே இருந்தது. காந்திமதி அவன் தோளைத் தட்டினார். ஆறு வருடத்தில் இது மூன்றாவது தட்டு.

"முனிரத்தினம், உங்க மருமக எங்க வேலை பாக்கறாங்க?"

"மஞ்சுளாவா? சத்திரத்துல, செல்போன் கம்பெனி. புதுப் பொண்ணுங்களுக்கு டிரெயினிங் குடுக்கற வேலை. காலைல அஞ்சு மணிக்கே பஸ் ஏறிடும். போனை லாக்கர்ல வெச்சுட்டுத்தான் லைனுக்குப் போவணுமாம், கூப்டா எடுக்காது. ஏன் கேக்கறீங்க?" திடீரென்று அவர் முகம் மாறியது. "மேடம், என் மருமக திருடிங்கறீங்களா? என் புள்ள டிரெயினிங்குன்னு ஓசூர் போயிருக்கற நேரத்துல இன்னா பேச்சு இது?"

"நான் ஒண்ணும் சொல்லல. நீங்கதான் காலையிலேர்ந்து சொல்லிக்கினே இருக்கீங்க."

சுங்குவார்சத்திரம் பஸ் நிறுத்தத்தில் இரண்டேகால் மணிக்கு ஷிப்ட் முடிந்து வந்த கூட்டம் ரோட்டை மறைத்தது. எல்லாரும் ஒரே நிறச் சட்டை, எல்லார் கழுத்திலும் ஒரே நிற நாடா. டீக்கடை பெஞ்சின் மேல் ஏறி நின்ற ஜோயல், "மஞ்சுளா!" என்று ஒரு குரல் கொடுத்தான். ஐந்து பேர் திரும்பினார்கள். "கீழ்ப்பாடி மஞ்சுளா, வேட்டுக்காரர் மருமக!" என்றான். ஒருத்தி மட்டும் நின்றாள்.

காந்திமதி சுற்றி வளைக்கவில்லை. "ஞாயித்துக்கிழம மருந்து ரூமுக்குள்ள போனது நீங்கதானே?"

"ஆமா மேடம்" என்றாள் மஞ்சுளா, மணி கேட்டதற்குப் பதில் சொல்வது போல. "நான்தான் டேக் போட்டேனே!"

ஜோயல் பெஞ்சிலிருந்து இறங்கினான். குற்றவாளி இத்தனை சுலபமாக ஒப்புக்கொள்வது தொழிலுக்கே அவமானம் என்று அவனுக்குப் பட்டது.

"டேக்கா?"

"சிவப்பு டேக். லைன்ல ஏதாச்சும் கெட்டுப் போச்சுன்னா டேக் எழுதி மாட்டணும் மேடம். பாக்கறவங்க சூப்பர்வைசருக்குச் சொல்லிடுவாங்க. டேக் போட்டாச்சுன்னா ரிப்போர்ட் பண்ணியாச்சுன்னு அர்த்தம். அன்னிக்கு மாமா கோயில் கமிட்டியில இருந்தாரு, வரவே லேட். நேத்து எனக்கு ஓ.டி., இன்னிக்குத் திரும்ப அஞ்சு மணி பஸ். அதான் எல்லாத்தையும் டேக்குலயே எழுதிட்டேன்."

அவள் சொன்னது இதுதான். ஞாயிறு மாலை கொல்லையில் துணி எடுக்கும்போது டங்கென்று சத்தம் கேட்டது. மருந்து அறைக் கதவு திறந்து கிடந்தது. மேல் தட்டின் ஓரத்தில் இருந்த டப்பா, மூடி இல்லாமல் தரையில் ஒருக்களித்து விழுந்து, கொஞ்சம் மருந்து சிந்திக் கிடந்தது. ஒரு பூனை அவளைத் தாண்டி ஓடியது.

"அத்தையை அனுப்பிட்டு அடுப்பை அணைச்சேன். புடவையை மாத்தி காட்டன் நைட்டி போட்டுக்கினேன். வளையலைக் கழட்டினேன். டிரெயினிங்குக்குன்னு நான் சொந்தமா வாங்கின பட்டை ஒண்ணு வூட்டுல இருந்திச்சு, அதைக் கட்டிக் குழாய்ல மாட்டினேன். வூட்டுக்காரர் கார் தொடைக்க ஒரு வேக்குவம் கிளீனர் வாங்கி வெச்சிருக்காரு, அதை நான் கிட்டயே கொண்டு போவல. அது மோட்டார், உள்ள பொறி வரும். பூந்துடைப்பத்தை நனைச்சு மெதுவா கூட்டி, அட்டையில அள்ளி, பாதி தண்ணி இருந்த பக்கெட்ல போட்டேன். மிச்சத்தை ஈரத்துணியால ஒரே பக்கமா துடைச்சேன். துணியும் அதே பக்கெட்லதான் கீது. அப்புறம் டப்பாவை மூடி மேல வெச்சு, கதவைப் பூட்டி, பூட்டுலயே இருந்த சாவியை சாமி படத்துக்குப் பின்னாடி வெச்சுட்டேன்."

"டப்பாவுலயே திரும்பக் கொட்டியிருக்கலாமே?" என்றார் காந்திமதி.

"மண்ணு கலந்ததையா?" மஞ்சுளா பதறினாள். "எங்க லைன்ல கீழ விழுந்த ஸ்க்ரூவையே எடுத்துப் போட வுட மாட்டோம் மேடம்!"

காந்திமதியின் முகத்தில் அப்படியொரு மகிழ்ச்சியை ஜோயல் பார்த்ததே இல்லை. விட்டால் அந்தப் பெண்ணைத் தத்து எடுத்துக்கொள்வார் போலிருந்தது. மருந்தைத் தேடிப் புறப்பட்டவர்களுக்கு, அது ஒரு நொடிகூடத் தொலையவே இல்லை என்று தெரிந்த சந்தோஷம் அது.

மூன்றரைக்கு வீட்டுக்குள் நுழைந்ததும் மூவரும் பக்கெட்டைத் தேடினார்கள். மஞ்சுளா வைத்த இடத்தில் அது இல்லை.

"அத்த, இங்க இருந்த நீல பக்கெட் எங்க?"

"அதுவா?" என்றார் சரோஜா. "வழியில இருந்திச்சு, துணி தோய்க்கற கல்லுக்குப் பின்னாடி தள்ளி வெச்சேன். நீ தலைக்குப் போட ஊற வெச்ச டைதானே அது? மேல தொங்கின அட்டை வெலைச் சீட்டுன்னு நெனச்சு, நானும் கொஞ்சம் எடுத்து முன்னால தடவிப் பாத்தேன். ஒட்டவே இல்ல, ஒரே நாத்தம். இன்னா கம்பெனிடீ அது?"

எல்லாரும் சரோஜாவின் நெற்றி முடியைப் பார்த்தார்கள். ஜோயல் மெதுவாக இரண்டடி பின்னால் போய், "அம்மா, இன்னிக்கு ஒரு நாள் அடுப்புப் பக்கம் மட்டும் போவாதீங்க" என்றான். மஞ்சுளா மாமியாரைக் கையோடு இழுத்துப் போய்க் குழாயடியில் உட்கார வைத்துத் தலையில் தண்ணீர் ஊற்றினாள்.

பக்கெட் மூடியின் கைப்பிடியில் சிவப்பு அட்டை தொங்கியது. காந்திமதி அதைக் கழற்றி முனிரத்தினத்திடம் கொடுத்தார். அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வாய்விட்டு வாசித்தார்.

"பொருள், வேட்டு மருந்து. அளவு, சுமார் அரைக் கிலோ. நாள், ஞாயிறு மாலை ஆறு பத்து. காரணம், மூடி போடாதது, கதவு பூட்டாதது. பொறுப்பு..."

அத்தோடு நிறுத்திவிட்டு அட்டையைக் கீழே இறக்கினார். ஜோயல் எட்டிப் பார்த்தான். அந்தக் கட்டத்தில் அழகான கையெழுத்தில் 'மாமா' என்று எழுதியிருந்தது.

"பூட்டினேனே..." என்று முனகினார் முனிரத்தினம். பிறகு அப்படியே கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார். "கமிட்டிலேர்ந்து போன் வந்திச்சு. பேசிக்கினே போய்ட்டேன். சாவி படத்துக்குப் பின்னாடி இருந்திச்சு, அதான் பூட்டிட்டேன்னு நெனச்சேன்."

"அதை அங்க வெச்சது இந்தப் பொண்ணு" என்றார் காந்திமதி. "உங்க ரூமுக்குள்ள வரக் கூடாதவங்க வந்ததாலதான் இந்த வூடு இன்னும் நிக்குது."

வாசலில் ஜீப் சத்தம் கேட்டது. அதிகாரி நாச்சியார் நாலுக்கு இரண்டு நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டார். ஐம்பது வயது, பருத்திப் புடவை, சிரிப்பைச் செலவழிக்காத முகம். நேராக மருந்து அறைக்குள் போய் டப்பாவை நிறுத்துப் பார்த்தார்.

"அரைக் கிலோ குறையுது. திருட்டா?"

மாடிப் படியில் பேச்சிராஜ் பையோடு நின்றிருந்தான். முனிரத்தினம் அவனைப் பார்த்தார். ஆம் என்று தலையாட்டினால் லைசென்ஸுக்கு ஆபத்தில்லை, பழி வேறொருவன் தலையில் போய்விடும்.

"இல்லீங்க" என்றார் முனிரத்தினம். "நான்தான் மூடி போடாம போய்ட்டேன். கதவையும் பூட்டல. சிந்தினதை என் மருமக தண்ணியில போட்டு வெச்சிருக்குது. இதோ சீட்டு."

நாச்சியார் சிவப்பு அட்டையை இரண்டு பக்கமும் படித்தார். பக்கெட்டைத் திறந்து பார்த்தார். துடைத்த தரையைப் பார்த்தார்.

"இருபது வருஷமா இந்த மாதிரி ரூம்களைப் பாக்கறேன். சிந்தினதை ஒழுங்கா எடுத்து, எழுதியும் வெச்ச முதல் ஆள் இவங்கதான்." பேனாவைத் திறந்தார். "உங்களுக்கு எச்சரிக்கை எழுதறேன். பக்கெட்டை அப்புறப்படுத்த எங்க ஆளுங்க வருவாங்க, அது வரைக்கும் யாரும் தொடக் கூடாது. திருவிழாவுக்கு மருந்து கெட்டிக்கறதுன்னா இந்தப் பொண்ணு உள்ள நின்னு பாக்கணும். இல்லேன்னா லைசென்ஸ் கிடையாது."

"பொம்பளைங்க உள்ள வர்ற வழக்கம் எங்களுக்கு..."

"அப்ப நான் இவ்வளவு நேரமா எங்க நிக்கறேன்?"

முனிரத்தினம் வாசப்படியைப் பார்த்தார், அதிகாரியைப் பார்த்தார், சரி என்று தலையாட்டினார்.

ஜீப் போன பிறகு அவர் மாடிப் படிக்கு வந்தார். பேச்சிராஜ் பையை இறக்கி வைக்கவில்லை.

"தப்புப் பண்ணிட்டேன் தம்பி. மன்னிச்சுக்கோ. மேல போ, நல்லாத் தூங்கு."

பேச்சிராஜ் அசையவில்லை. காலையிலிருந்து தலை குனிந்தே இருந்தவன் இப்போது நிமிர்ந்தான்.

"அண்ணாச்சி, காலையில களவாணின்னு எங்க வச்சுச் சொன்னீய?"

"தெருவுல."

"மன்னிப்பை மட்டும் எதுக்குக் கொல்லையில வச்சுக் கேக்கிய?"

முனிரத்தினம் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வெளியே நடந்தார். பேச்சிராஜும் பையோடு பின்னால் போனான். பஸ் வரும் வரை இருவரும் தெருவிலேயே நின்றார்கள்.

ஐந்தே முக்காலுக்கு ஜெனரல் ஷிப்ட் பஸ் வந்து நின்றது. காலையில் வேடிக்கை பார்த்த அதே முகங்கள் ஜன்னல்களில் இருந்தன. முனிரத்தினம் பஸ்ஸின் முன்னால் போய் நின்று இரண்டு கையையும் தூக்கினார். பன்னிரண்டு ஊருக்கும் கேட்கிற மாதிரி வாழ்ந்தவருடைய குரல் அது.

"எல்லாரும் கேட்டுக்குங்க! பேச்சிராஜ் திருடல! மருந்து டப்பாவுக்கு மூடி போடாத மடையன் நான்தான்!"

டிரைவர் என்ஜினையே அணைத்துவிட்டார். முனிரத்தினம் வியர்வையைத் துடைத்தபடி திரும்பி, "போதுமா தம்பி?" என்றார்.

பேச்சிராஜ் பஸ்ஸை முன்னாலிருந்து பின்னால் வரை நிதானமாகப் பார்த்தான். பிறகு, கொல்லையிலிருந்து தூக்கி வந்த பையைக் கீழே வைத்தான்.

"கடைசி சீட்டுல ரெண்டு பேரு காதுல ஹெட்போன் மாட்டியிருக்காவ, அண்ணாச்சி. இன்னொருக்கச் சொல்லுங்க."

முனிரத்தினம் மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டு மறுபடியும் ஆரம்பித்தார்.